அந்த வீட்டில் சாப்பிடாதவள்

வியாழக்கிழமை காலை ஆறேகால் மணிக்குக் கோவையில் வண்டி ஏறினேன். ஜன்னலோரம் கிடைத்தது. எதிர் இருக்கையில் ஒரு குடும்பம். ஈரோடு வருவதற்குள் என் வயது, வேலை, பிள்ளைகள் எத்தனை என்று எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டார்கள். வயது அறுபத்தொன்று, தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வு, கல்யாணம் ஆகவில்லை, அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கூடப் பிறந்தவர்கள் கிடையாது என்றேன். அந்த அம்மாள் ‘அச்சச்சோ’ என்று சொல்லி ஒரு முறுக்கை நீட்டினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனாலும் முறுக்கை வாங்கிக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

காஞ்சிபுரத்துக்குப் போகிறேன் என்றதும், பட்டுப்புடவையா, கோயிலா என்று கேட்டார். இரண்டும் இல்லை, பம்பை கேட்கப் போகிறேன் என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

போன வருடம் கோவையில் ஒரு கல்லூரி விழாவில்தான் அந்தப் பம்பை செட்டை முதலில் பார்த்தேன். பம்பை என்பது ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு மேளங்கள். ஒன்று மரம், ஒன்று பித்தளை. இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குச்சியால் அடிப்பார்கள். ஏழுமலை, கோதண்டம் என்று அண்ணன் தம்பி இருவர். அவர்களோடு உடுக்கை அடிக்க அவர்கள் அக்கா மகன் தணிகாசலம். மேடையில் கற்பூரம் ஏற்றித் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் குச்சியை எடுத்தார்கள். விழாக்காரர் ஓடிவந்து பத்து நிமிடத்தில் முடிக்கச் சொன்னபோது ஏழுமலை ஒலிபெருக்கியிலேயே, “சாமி வர்றதுக்கு நேரம் ஆவும் சார்” என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் ஒரு வரிசை அடித்து நிறுத்துவார். தம்பி அதற்குப் பதில் அடிப்பார். ஒரே வீட்டில் இருவர் அடுப்படியிலும் கூடத்திலும் இருந்துகொண்டு பேசிக்கொள்வதுபோல இருந்தது. என் வீட்டில் அப்படிச் சத்தம் கேட்டு வெகுகாலம் ஆயிற்று. விழா முடிந்ததும் போய் ஏழுமலையின் எண்ணை வாங்கிக்கொண்டேன்.

வடக்கே காஞ்சிபுரம், வேலூர்ப் பக்கங்களில் வீட்டில் இறந்தவர்களைப் பம்பை அடித்து அழைக்கிற வழக்கம் உண்டு. பூவாடை என்பார்கள். கல்யாணம், காதுகுத்து என்று நல்லது எது வந்தாலும் நீர்நிலைக்குப் போய், செத்துப்போனவரைப் பாடிக் கூப்பிட்டு, யார் மேலாவது அருள் வந்ததும் ‘செய்யலாமா?’ என்று கேட்டு உத்தரவு வாங்குவார்கள். அந்த நிஜப் பம்பையை உங்கள் ஊரில் வந்து பார்க்க வேண்டும் என்று போன மாதம் ஏழுமலைக்குப் போன் செய்தேன். அவர், ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்கு வர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். எனக்கு எல்லா வெள்ளிக்கிழமையும் ஒன்றுதான்.

மதியம் ஒரு மணிக்கு அரக்கோணத்தில் இறங்கினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பேருந்தில் ஒரு மணி நேரம். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதி, அறை வாடகை தொள்ளாயிரம் ரூபாய். மேசையில் இருந்தவர் கூட யார் வருகிறார்கள் என்று கேட்டார். யாரும் வரவில்லை என்றேன். சாயங்காலம் வருவார்களா என்றார். சாயங்காலமும் வரமாட்டார்கள், நாளைக்கும் வரமாட்டார்கள் என்றேன். ஒவ்வொரு ஊரிலும் இதே கேள்விதான். இதற்கு ஓர் அட்டை அச்சடித்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

மூன்றரை மணிக்கு ஆட்டோ பிடித்தேன். முசரவாக்கத்துக்குப் போகவர ஐந்நூறு. ஓட்டுநர் பெயர் அன்வர். நாற்பது வயது இருக்கும். ஜரிகை வியாபாரம் செய்த குடும்பம், இப்போது தம்பிகள் பார்க்கிறார்களாம். பம்பை அடிக்கிற கோதண்டம், ஏழுமலை வீடு என்று சொன்னதும் வண்டியின் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“கோதண்டம் அண்ணன் தவறி நாலு மாசம் ஆவுதும்மா. உங்களுக்குத் தெரியாதா? நெஞ்சு வலின்னு உக்காந்தாராம், அவ்ளோதான். மய்யத்து எடுக்கறப்ப நானும் போயிருந்தேன்.”

எனக்குத் திக்கென்றது. நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சலில் நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஒரே ஒரு முறை கேட்ட ஒரு மனிதருக்காக இவ்வளவு துக்கம் வருமா என்று எனக்கே வியப்பாக இருந்தது. ஏழுமலை ஏன் போனில் சொல்லவில்லை என்பது அடுத்தபடியாக உறுத்தியது. திரும்பிவிடலாமா என்று அன்வர் கேட்டார். வேண்டாம், துக்கம் விசாரிக்காமல் போவது முறையல்ல என்றேன்.

முசரவாக்கத்தில் அவர்கள் வீடு தெருக்கோடியில் இருந்தது. ஏழுமலை வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேலே பத்து வயது கூடினதுபோல இருந்தார். கை கூப்பினார். ‘வாங்க’ என்றார். ஆனால் உள்ளே வரச் சொல்லவில்லை. தெருவில் வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். உள்ளேயிருந்து கோதண்டத்தின் மனைவி தேவகி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் கையை நீட்டினேன். ஏழுமலை நடுவில் புகுந்து சொம்பை வாங்கி, தண்ணீரை மரத்தடியில் ஊற்றிவிட்டார்.

முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. நானூறு கிலோமீட்டருக்கு மேல் வந்திருக்கிறேன், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கிறது, ஒரு வாய்த் தண்ணீர் கிடையாதா? நான் எந்த வீடு என்று பார்க்கிறவள் அல்ல, யார் வீட்டிலும் கை நனைப்பேன் என்று கொஞ்சம் சூடாகவே சொன்னேன். ஏழுமலை பதறிப்போனார். அதற்காக இல்லை என்று தரையில் உட்கார்ந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார்.

செட்டில் ஒருவர் இறந்தால் அந்த செட் மேளத்தைத் தொடக் கூடாது. சுவரில் மாட்டிவிட வேண்டும். இரவல் பம்பையால் இறந்தவரை அழைத்து, அவரே வந்து எடுக்கச் சொன்னால்தான் மறுபடி எடுக்கலாம். நாலு மாதமாக வந்த எல்லா அழைப்பையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆடி பிறக்கப்போகிறது. ஆடி முழுக்க அம்மன் கோயில்களில் இவர்களுக்கு வேலை. அதற்குள் கோதண்டம் உத்தரவு கொடுக்காவிட்டால் மேளம் சுவரிலேயே இருக்க வேண்டியதுதான். மற்ற வீடுகளில் இறந்தவரிடம் கேள்வி கேட்பது பம்பைக்காரர் வேலை. ஆனால் இங்கே பம்பைக்காரரே பறிகொடுத்தவர்.

“நான் கேட்டா என் ஆசையே பதிலா வந்துடும்மா,” என்றார் ஏழுமலை. “அதனால அந்த வூட்டு சோறு தண்ணி இறங்காத ஆளுதான் கேக்கணும். சுத்துப்பட்டுல அப்படி ஒருத்தர் இல்ல. கோதண்டம் எல்லாரையும் கூப்ட்டுக் கூப்ட்டு சோறு போட்டவன். நீங்க வரேன்னு போன் பண்ணப்புறம்தான் நாளே குறிச்சோம்.”

நான் அன்வரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். கோதண்டம் வீடு குடிபுகுந்தபோது அவரும் சாப்பிட்டிருக்கிறாராம். “ரெண்டு தடவ வாங்கி சாப்ட்டேன்மா” என்றார்.

எனக்குச் சாமி வருவதில் நம்பிக்கை கிடையாது. பார்க்க வந்தவள் நான். கேட்க வந்தவள் அல்ல. ஆனால் எனக்கு யாரும் இல்லை, எந்த வீட்டிலும் எனக்கு இலை போட்டதில்லை என்பதே ஒரு தகுதியாகி, அதற்காக ஒரு குடும்பம் நாள் குறித்துக் காத்திருந்தது அதுவரை நடந்ததில்லை. வருகிறேன் என்றேன். குரல் ஏனோ கரகரத்தது. தண்ணீர் குடிக்காததால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் காஞ்சிபுரத்துக்குத் திரும்பி ஒரு கடையில் மூங்கில் குடலையில் அவித்த இட்லி இரண்டு துண்டும் காப்பியும் சாப்பிட்டேன். பட்டுக்கடைத் தெருவில் நடந்தபோது வாசலில் நின்ற ஒரு பையன், பெண்ணுக்குக் கல்யாணமா, முகூர்த்தப் புடவை பார்க்கிறீர்களா என்று கூடவே வந்தான். பெண் இல்லை என்றால் மருமகளுக்குப் பாருங்கள் என்றான். ஏகாம்பரநாதர் கோயில் பிராகாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். குடும்பம் குடும்பமாகச் சுற்றி வந்தார்கள். ஒருவர் கைப்பேசியை என்னிடம் கொடுத்து அவர்கள் எல்லாரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். எல்லாக் கோயிலிலும் இந்த வேலை எனக்கு வந்து சேரும். தனியாக நிற்கிறவள்தானே கையும் சும்மா இருக்கும். அறைக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. நாளைக்கு என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டே கிடந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை. அன்வர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். பாலுசெட்டிசத்திரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தாமல் ஏரி. மழை வராததால் தண்ணீர் உள்வாங்கி, கரையோரம் சேறு வெடித்திருந்தது. நாரைகள் எட்ட நின்றன. கரைக்கு அந்தப் பக்கம் லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன.

ஓர் இடத்தைப் பெருக்கிச் சாணம் தெளித்திருந்தார்கள். வேப்பிலை சொருகிய கலசம், கோதண்டத்தின் புது வேட்டி, பூ, எலுமிச்சம்பழம். தேவகி ஈரப் புடவையோடு கலசத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். தணிகாசலம் உடுக்கையோடு ஒரு பக்கம். அவர் பிழைப்புக்குத் தறி நெய்கிறவர். அன்றைக்குத் தறிக்கு லீவு. ஏழுமலையின் இடுப்பில் திருப்புட்குழி ஊர் செட்காரர்களிடம் இரவல் வாங்கிய பம்பை. அன்வரோடு சேர்த்து உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர். என்னைக் கலசத்துக்கு வலப்புறம் நிறுத்தினார்கள். யாரும் அழக் கூடாது, யாரும் போனை எடுக்கக் கூடாது என்று ஏழுமலை சொல்லிவிட்டுக் கற்பூரம் ஏற்றினார்.

பாட்டு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கோதண்டத்தின் பெயர், அப்பன் பெயர், ஊர், அவருக்குப் பிடித்தது பிடிக்காதது, எங்கெங்கே போய் அடித்தார் என்பதெல்லாம் அந்த நேரத்திலேயே கோத்துப் பாடுகிறார்கள். ‘ஏரி தாண்டி வாடா, எல்லை தாண்டி வாடா’ என்று ஒவ்வொரு அடிக்கும் முடிவு வருகிறது. ஏழுமலை அடித்த அடியில் கரை அதிர்ந்தது. அண்ணன் வரிசையையும் அவரே அடித்தார், தம்பியின் பதிலையும் அவரே அடித்தார். மூச்சுவிட ஓர் இடம்கூட விடவில்லை. கோவையில் கேட்டதைவிட இரண்டு மடங்கு வேகம். பிரமாதம் என்றுதான் நான் நினைத்தேன்.

ஆறரை ஆயிற்று. ஏழு ஆயிற்று. தேவகி கல்லுப்போல உட்கார்ந்திருந்தார். ஏழே முக்காலுக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. ஏழுமலையின் பனியன் பிழிந்தால் ஊற்றும். உறவுக்காரர்களில் ஒருவர் இன்னொருவர் காதில் ஏதோ சொன்னார். தேவகி கண்ணைத் திறந்து, “வர்ல மாமா” என்றார். இனி அந்த மேளம் சுவரோடு போயிற்று என்று நினைத்தேன். நம்பிக்கை இல்லாதவள், வந்தால் தேவலையே என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஏழுமலை நிறுத்தவில்லை. ஆனால் கை தளர்ந்துவிட்டது. இரண்டு பேர் அடியை ஒரு கை எத்தனை நேரம் அடிக்கும்? தன் வரிசையை மட்டும் அடித்தார். பதிலுக்கான இடம் வந்தபோது குச்சி மேலே எழவில்லை. அந்த இடம் காலியாகப் போனது. மறுபடி தன் வரிசை. மறுபடி காலி. தணிகாசலமும் உடுக்கையைத் தாழ்த்திவிட்டார். அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் கோதண்டம் இல்லை என்பது காதில் விழுந்தது. அதுவரை அது காதில் விழுந்துவிடக் கூடாது என்றுதான் இரண்டையும் சேர்த்து அடித்திருக்கிறார் அந்த மனிதர். வருகிறவன் நிற்பதற்கு இடமே விடாமல் நிரப்பிவிட்டார்.

நாலாவதோ ஐந்தாவதோ முறை அந்தக் காலி இடம் வந்தபோது தேவகியின் வலது குதிகால் தரையில் விழுந்தது. அடுத்த காலி இடத்தில் இரண்டு காலும். எழுந்துவிட்டார். தம்பியின் பதில் வரிசை ஒன்றுவிடாமல் தரையில் மிதிபட்டது. புழுதி எழுந்தது. ஏழுமலை அடிக்கிறார், தேவகியின் கால் பதில் சொல்கிறது. தணிகாசலம் வாய்விட்டு அழுதார். அழக் கூடாது என்று சொன்னவர் கண்ணிலும் தாரை தாரையாக வழிந்தது. என் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளினார்கள். நான் கேட்க வேண்டிய நேரம்.

மனப்பாடம் செய்தது எல்லாம் பறந்துவிட்டது. என் ஊர்ப் பேச்சுத்தான் வந்தது. “ஏனுங்க, மேளத்தை எடுத்துக்கலாங்களா?” என்றேன்.

தேவகி ஆடிக்கொண்டே என்னைப் பார்த்தார். குரல் மாறவில்லை, கண் உருளவில்லை. களைத்து வீட்டுக்கு வந்தவர் திண்ணையிலிருந்து கேட்பதுபோலத்தான் கேட்டார்.

“நீ யாரு?”

“கோயமுத்தூருங்க.”

“யாரு வூட்டுப் பொண்ணு?”

அப்பா பெயரைச் சொன்னேன். இறந்துவிட்டார் என்றேன்.

“நீ போனா உன்ன கூப்டறதுக்கு யார் இருக்கறாங்க?”

யாரும் அதுவரை என்னிடம் இதைக் கேட்டதில்லை. கூட யார் வருகிறார்கள் என்று ஊரெல்லாம் கேட்கிறார்கள். அதற்கு எரிச்சல்பட்டுப் பதில் சொல்லலாம். இதற்கு எனக்கு எரிச்சல் வரவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் உண்மையைத்தான் சொன்னேன். “யாரும் இல்லீங்க.”

தேவகி திரும்பி ஏழுமலையைப் பார்த்தார். “இவள வூட்டுக்குக் கூட்டினு போய் சோறு போடு. அவ சாப்ட்டு எழுந்தப்புறம் மேளத்த எடு” என்றார். சொல்லிவிட்டுச் சாய்ந்தார். இரண்டு பெண்கள் தாங்கிக்கொண்டார்கள். ஏழுமலை பம்பையை அவிழ்த்து வைத்துவிட்டு அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

பத்து மணிக்கு முசரவாக்கம். இந்த முறை உள்ளே போனேன். சிறிய கூடம். சுவரில் கோதண்டத்தின் பம்பை, வெள்ளைத் துணி சுற்றி மாட்டியிருந்தது. கீழே இலை போட்டார்கள். சாதம், முருங்கைக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, முட்டை. நான் கருவாடு சாப்பிட்டு முப்பது வருடம் இருக்கும். அன்றைக்குச் சாப்பிட்டேன். தேவகிக்கு இப்போது எதுவும் நினைவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா என்று சாதாரணமாகக் கேட்டார். கூடத்தில் இருந்த எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சாப்பிட்டு எழுந்தால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. இத்தனை பேர் காத்திருக்க நான் ஒரு வாய்ச் சோறு சாப்பிட்டது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. வேகமாகச் சாப்பிடவும் முடியவில்லை, மெதுவாகச் சாப்பிடவும் கூச்சமாக இருந்தது. போதும் என்றபோது தேவகி விடவில்லை, இரண்டாம் முறை சாதம் வைத்தார்.

கை கழுவி வந்தேன். ஏழுமலை சுவரிலிருந்து பம்பையை இறக்கித் துணியைப் பிரித்தார். தணிகாசலத்தின் இடுப்பில் அதைக் கட்டினார். உடுக்கைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். தணிகாசலத்துக்கு அந்தக் குச்சி பழகவில்லை. பதில் வரிசை தட்டுத் தடுமாறித்தான் வந்தது. ஏழுமலை திருத்தவில்லை. தணிகாசலம் அடித்து முடிக்கும்வரை தன் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

மதியம் பாலுசெட்டிசத்திரம் பேருந்து நிறுத்தம்வரை ஏழுமலை வண்டியில் கூடவே வந்தார். அன்வர் திரும்புகிற சவாரிக்கு மட்டும் காசு வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அடுத்த தடவை எப்போது பம்பை இருக்கிறது, நான் வந்தால் உதவியாக இருக்குமா என்று ஏழுமலையிடம் கேட்டேன்.

“கேள்வி கேக்க இனிமே நீங்க ஆவ மாட்டீங்கம்மா. சாப்ட்டுட்டீங்க. சும்மா வாங்க” என்றார்.

வேலூரிலிருந்து வரும் பேருந்து தூரத்தில் தெரிந்தது. அவர் பெண்களைப் பார்த்துப் பேசுகிறவர் அல்ல. சாலையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். “வூட்ல உங்கள இன்னான்னு கூப்டுவாங்க?”

இப்போது யாரும் கூப்பிடுவதில்லை என்றேன்.

“முன்ன?”

அம்மா போனதற்குப் பிறகு அந்தப் பெயர் எங்கேயும் ஒலித்ததில்லை. அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது, எதிர்வீட்டுக்காரிக்குத் தெரியாது. பேருந்து வந்து நின்றுவிட்டது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, “பாப்பாத்தி” என்றேன்.

“புடிச்ச பூவு?”

“கனகாம்பரம்.”

தலையை ஆட்டிக்கொண்டார். நடத்துநர் விசில் ஊதினார்.

இரவு வண்டியில் உட்கார்ந்து வந்து மறுநாள் விடிந்தபோது கோவையில் என் வீட்டைத் திறந்தேன். வியாழக்கிழமை கவிழ்த்துவிட்டுப் போன டம்ளர் அப்படியே கவிழ்ந்திருந்தது. கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. தனிமை குறைந்துவிட்டது என்று எழுதினால் பொய். அது இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் பையை வைத்துவிட்டு அந்தச் சத்தமில்லாத கூடத்தில் நின்றபோது ஒன்று தோன்றியது: நான் போன பிறகு என்றைக்காவது ஒரு காலையில், தாமல் ஏரிக்கரையில், என்னைப் பெறாத, என்னோடு பிறக்காத ஒருவர் என் பெயரைச் சொல்லி ஒரு வரிசை அடித்துவிட்டு, பதிலுக்கு இடம் விட்டு நிற்பார்.